முதலில் யார் வருவது

அப்பாவின் கடையில் விற்றது வெங்காயமும் காய்ந்த செத்தல் மிளகாயும். கண்டி டவுனில் அந்தக் கடை பேர் பெற்றதோ செய்திக்காக. காலையில் கடையைத் திறந்து, சாம்பிராணி காட்டி, முதல் மூட்டை கைமாறுவதற்கு முன்னால் வாசலில் கிடந்த நீள மர வாங்கில் பேப்பர் படிப்பு தொடங்கிவிடும். தமிழ்ப் பேப்பரை நான் சத்தமாகப் படிப்பேன். எதிர்ப்பக்கம் பீங்கான் கடை வைத்திருந்த அக்குறணை முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், சிங்களப் பேப்பரைப் பார்த்து அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போவார். ஒரே செய்தியை இரண்டு தரம் கேட்டு முடித்த பிறகுதான் அப்பா வாய் திறப்பார். இரண்டு பேப்பரிலும் இருப்பது நடந்தது, ஒன்றில் மட்டும் இருப்பது எழுதினவனுடைய ஆசை என்பது அவருடைய சட்டம்.

இந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தீர்ப்புச் சொல்லாத விஷயம் கிடையாது. தேர்தலில் யார் வருவார், மண்ணெண்ணெய் ஏன் ஏறுகிறது, எல்லார் கையிலும் போன் வந்துவிட்டால் தபால் கந்தோரில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள், டிவி நாடகம் பார்த்து அழும் பெண்கள் ராத்திரிச் சமையலை எப்போது செய்வார்கள், எல்லாம். புசல்லாவையிலிருந்து சரக்கெடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்கள், "என்னாங்க மொதலாளி, என்னா நடக்கப் போவுது நாட்டுல?" என்று கேட்காமல் மூட்டையைத் தூக்க மாட்டார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றுவார், வேட்டி நுனியால் துடைப்பார், மறுபடி மாட்டுவார். அதற்குள் அவரிடம் பதில் தயாராகிவிடும்.

இது வெறும் வாய்ப்பந்தல் இல்லை. எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் கடை எரிந்தது. நான் சின்னப் பிள்ளை. பீங்கான் கடை நானாதான் எங்களைத் தன் வேனில் படுக்க வைத்து, மேலே சாக்குப் போட்டு மூடி, அக்குறணையில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த நாட்களில் அப்பா சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "ஒழுங்கா பேப்பர் பார்த்திருந்தா மொத நாளே கெளம்பியிருப்பேன்." எந்தப் பேப்பரும் முதல் நாள் அதைச் சொல்லியிருக்காது. அதை அவரிடம் யார் சொல்வது? அன்றிலிருந்து செய்தி பார்ப்பது அவருக்குக் கதவைத் தாழ்ப்பாள் போடுவது மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாவது பேப்பர் எங்கள் வாங்குக்கு வந்த கதைதான் என் கதை. கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் கந்தோரில், வேலை பார்த்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருநாள் அரைக்கிலோ வெங்காயம் கேட்டு வந்து நின்றார். மொத்தக் கடையில் அரைக்கிலோவா என்று அப்பா மூஞ்சியைச் சுளித்தார். அவர் திரும்பிப் போகாமல் நாங்கள் பேசிக்கொண்டிருந்த செய்தியைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இங்கிலீஷ் பேப்பரில வேற மாதிரிப் போட்டிருக்கிறாங்கள், ஐயா" என்றார். அவ்வளவுதான். அப்பா வாங்கில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். வெங்காயமும் சும்மா கொடுத்தார்.

அதற்குப் பிறகு தினமும் கந்தோருக்குப் போகும் முன்னால் அவர் வருவார். அவர் படிப்பார், நான் படிப்பேன், நானா சொல்லுவார். என்னை "நீர்" என்று அழைத்தார். எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை, அதனால் முதல் கிழமை ஏழு நாளும் எனக்கு ராஜா ராணி நாடகத்தில் நடிப்பது போலவே இருந்தது. "நீர் வாசிச்சதில ஒரு வரி விட்டிட்டீர்" என்பார். விட்டது நிஜம்தான். அவர் கேட்கிறாரா என்று பார்க்கத்தான் விடுவேன்.

எங்களுக்குள் விஷயம் முற்றிய பிறகு அவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. கப்பலில் இடம் கிடைத்து இவர் போய்ச் சேர்ந்தபோது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. "அப்பாவுக்குக் கொள்ளி வைக்க நான் நிக்கேல்ல. அம்மா இல்லாமல் தாலி கட்ட மாட்டன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மனுஷனை அன்றைக்குத்தான் முழுசாகப் பிடித்தது. ஆனால் அவருடைய அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார், நடுவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆக என் கல்யாணம் நாட்டு நிலவரத்தின் கையில்.

அப்புறம் சமாதான ஒப்பந்தம் வந்ததே ஒரு காலை! மூன்று பேப்பரிலும் ஒரே செய்தி, ஒரே பெரிய எழுத்து. நான் படித்தேன், ஒரு வரி கூட விடவில்லை. நானா படித்தார், அவரும் விடவில்லை. இவர் படிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்திவிட்டு, எதிரே இருந்த வெங்காய மூட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா எழுந்து நின்று, தெருவில் போன முன்பின் தெரியாத ஆட்களையெல்லாம் கூப்பிட்டு பிளேன்டி வாங்கிக் கொடுத்தார். சிங்கள லொறிக்காரர் ஒருவர் இறங்கி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு ஓடவேண்டும் போல இருந்தது, எங்கே என்றுதான் தெரியவில்லை. குளத்தைச் சுற்றி ஒரு முறை வேகமாக நடந்துவிட்டு வந்து கணக்கெழுத உட்கார்ந்தேன்.

பாதை திறந்ததும் முதல் ஆட்களோடு அவர் யாழ்ப்பாணம் கிளம்பிப் போனார். திரும்பி வந்தபோது பை நிறையப் பனங்கட்டி, முகம் நிறையச் சிரிப்பு. அம்மாவுக்குச் சம்மதமாம். "அவையள் வரட்டும், பேசுவம்" என்று சொன்னாராம். நான் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவும் சந்தோஷமாகத் தலையாட்டினார். "வரட்டும், பேசுவோம்."

எங்கள் அம்மா விருந்தாளிகளுக்காக நானாவின் கடையிலேயே புதுக் கோப்பை தட்டு வாங்கினார். தங்கக் கரை போட்டது. அவர்கள் உட்காரக் கதிரைகளுக்கு உறை தைத்தார். யாரும் வரவில்லை. ஆடி போனது, தீபாவளி போனது, தைப்பொங்கலும் போனது. அப்பா பேசுவதைக் குறைத்தார். "யாழ்ப்பாணத்துக்காரங்களுக்கு நம்மளப் புடிக்காதும்மா, அது தெரிஞ்ச கதைதானே" என்று அம்மாவிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அழுகையும் ஆத்திரமுமாக அன்று மாலையே பஸ் ஸ்டாண்டில் என் யாழ்ப்பாணத்துக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒங்க அம்மாவுக்கு மலைநாட்டுப் பொண்ணு வேணாம்னா நேரா சொல்லிருங்க. எதுக்கு இந்த இழுத்தடிப்பு?"

அவர் வாயைப் பிளந்தார். "என்ன கதைக்கிறீர்? அம்மா அங்க அரியதரப் பலகாரத்துக்கு மா இடிச்சு வச்சுக்கொண்டு வாசலைப் பாத்தபடி இருக்கிறா. உம்மட அப்பாவுக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு என்னட்டக் கேக்கிறா. அங்க பொம்பிளை பகுதிதானே மாப்பிள்ளை கேட்டு வாறது!"

"இங்க மாப்பிள்ளை வீட்டுலதான் பொண்ணு கேட்டு வருவாங்க!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது, பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பு. இரண்டு வீட்டிலும் பலகாரம், இரண்டு வீட்டிலும் வாசலைப் பார்த்துக்கொண்டு ஆட்கள். இவ்வளவு படித்த ஜனம்! முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு துள்ளி ஓடினேன்.

எங்கே அவிழ்ந்தது? இன்னும் இறுகியது. விஷயம் தெரியாதவரை இரண்டு பக்கமும் மனவருத்தத்தோடு இருந்தது. தெரிந்த பிறகு இரண்டு பக்கமும் மானத்தோடு இருந்தது. "அவங்க வழக்கம் அவங்களுக்கு. பொண்ணப் பெத்தவன் தாம்பாளத்தத் தூக்கிட்டுப் போயி நிக்கிறதா? நம்ம சனம் என்னா சொல்லும்?" என்றார் அப்பா. யாழ்ப்பாணத்தில் சந்திக் கடைத் தொலைபேசியிலிருந்து மகனோடு பேசிய அவருடைய அம்மாவும் அதைத்தான் வேறு ராகத்தில் சொன்னாராம்: "நான் போய்க் கேட்டால் என்ர பிள்ளைக்கு என்ன குறையெண்டு ஊர் கேக்கும்."

அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் பேச்சுவார்த்தை அப்போது வெளிநாடுகளில் நடந்துகொண்டிருந்தது. எந்த நாட்டில் உட்காருவது, எதை முதலில் பேசுவது, யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்று தினமும் ஒரு பிணக்கு. ஒரு காலை அப்பா வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்து, சுற்றி நின்ற வியாபாரிகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டு பேருமே முரண்டு புடிச்சா எப்புடி? ஒருத்தன் ஒரு அடி முன்னால வந்தா என்னா கொறைஞ்சு போயிரும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கையிலிருந்த பேப்பரைச் சுருட்டி வாங்கில் ஓங்கி ஒன்று போட்டேன்.

"அதையே நம்ம வீட்டுல சொல்லுங்கப்பா! யாழ்ப்பாணத்துப் பக்கம் ஒரு அடி எடுத்து வைங்க, என்னா கொறையுதுன்னு பாப்போம்!"

அப்பாவின் முகம் செத்தல் மிளகாய் நிறத்துக்கு வந்தது. நானா சிங்களப் பேப்பருக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தார். "மொதலாளி, நான் இதில நல்லாத் தேடிப் பாத்த. இதுக்கு ஜவாப் எந்தப் பேப்பர்லயும் இல்ல" என்றார். அப்பா என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு ஒன்றும் வருத்தமும் இல்லை, நான் சொன்னது சரி.

சித்திரை வருஷப் பிறப்பு முடிந்து கடைகள் திறந்த நாட்களில்தான் அது வந்தது. பேச்சுவார்த்தையிலிருந்து இயக்கம் விலகி நிற்கப் போவதாகத் தமிழில் நான் படித்தேன். சிங்களத்திலும் அதே. இங்கிலீஷிலும் அதே. மூன்று பேப்பரிலும் இருந்தால் அது நடந்தது. சுற்றி நின்றவர்கள் அப்பாவின் வாயைப் பார்த்தார்கள். "சண்டை வருமா மொதலாளி? பாதைய மூடிருவாங்களா?" அப்பா கண்ணாடியைக் கழற்றவில்லை. எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, பட்டப்பகலில், வியாபார நேரத்தில், கடைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"பாப்பா, நாளைக்கு வெள்ளன யாழ்ப்பாணம் போறோம்."

என் காதை நம்ப முடியவில்லை. "அவர்கிட்ட சொல்லிட்டு..."

"மூச்சு விடாத. சொல்லிட்டுப் போனா வேணாம்னுருவாங்க. வாசல்ல போயி நின்னுட்டா, வந்தவனத் தொரத்த முடியாது. நாங்க போன பொறகு அம்மா சொல்லிக்கட்டும்."

இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. விடிவதற்குள் பஸ்ஸில் இருந்தோம். மடியில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பழம், புசல்லாவைத் தேயிலை. அக்குறணையைத் தாண்டும்போது நானாவின் வீட்டுப் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார் அப்பா. மாத்தளை, தம்புள்ளை, வவுனியா. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி, பைகளைப் பிரித்துக் காட்டி, வெயிலில் நடந்து, மறுபக்கத்தில் இயக்கக்காரரிடம் மறுபடியும் பிரித்துக் காட்டினோம். எங்கள் எதிரில் தெற்கே போகிறவர்களின் வரிசை இதே மாதிரிப் பிரித்துக்கொண்டும் கட்டிக்கொண்டும் நின்றது.

அதற்கப்புறம் அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். யன்னல் பக்கம் சின்னப் பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டார். "பாப்பா, இதுதான் மாங்குளம்! பேப்பர்ல வந்த ஊரு பூரா வரிசையா வருதும்மா!" கிளிநொச்சி வந்தது. கூரையில்லாத வீடுகள், தலையில்லாத பனைகள். அந்த வீடுகளுக்கு நடுவில் வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை சைக்கிளில் பின்னால் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு பஸ்ஸோடு போட்டிபோட்டாள். "இங்க ஸ்கூலெல்லாம் நடக்குதா?" என்று அப்பா யாரிடமோ கேட்டார். பக்கத்துச் சீட்டுக்காரர் "ஏன் நடக்காமல்?" என்றார். இத்தனை வருஷமாக நாங்கள் படித்த எந்தப் பேப்பரிலும் அந்தப் பிள்ளைகள் வந்ததில்லை. ஆனையிறவில் உப்புக் காற்று அடித்தபோது அப்பா பேச்சை நிறுத்திவிட்டிருந்தார்.

கோண்டாவிலில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது வெயில் இறங்கிவிட்டது. அப்பா வேட்டியை உதறிக் கட்டினார். தாம்பாளத்தை நேராகப் பிடித்தார். வாசல் படலை பூட்டியிருந்தது.

கூப்பிட்டுப் பார்த்தோம். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ஆர் வேணும்? எங்கையிருந்து வாறியள்?"

"கண்டியில இருந்து வர்றோங்கம்மா. இந்த வீட்டு அம்மாவப் பாக்கணும்."

"ஐயோ! அவ விடியக் காலமையே வெளிக்கிட்டுக் கண்டிக்கெல்லோ போட்டா! மகனுக்குப் பெண் கேக்கப் போறனெண்டு!"

நான் படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நிற்க முடியவில்லை. அப்பாவுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, தாம்பாளத்துப் பழமெல்லாம் ஆடியது. அதே செய்தியை என் வருங்கால மாமியாரும் கேட்டிருக்கிறார், அதே பயம் வந்திருக்கிறது, அதே மாதிரி யாருக்கும் சொல்லாமல் கிளம்பியிருக்கிறார். ஓமந்தையில் அந்த எதிர் வரிசையில் அவரும் நின்றிருக்க வேண்டும். படம் ஒன்றில் மட்டும் பார்த்த முகம், எனக்கு எப்படித் தெரியும்?

"கொஞ்சம் முன்னாடி சொல்லியிருந்தா..." என்று அப்பா தொடங்கினார்.

"மகனுக்கும் சொல்லாமல்தான் போனவ" என்றார் அந்த அம்மா. அவருடைய முற்றத்தில் ஒரு ஆடு குட்டியோடு கட்டியிருந்தது. அதைக் காட்டினார். "இதையும் எனக்கே தந்திட்டா. வீட்டுத் திறப்பும் என்னட்டத்தான். 'பாதை பூட்டினால் பூட்டட்டும், பிள்ளையின்ர கலியாணத்தைப் பாத்திட்டன் எண்டால் காணும். இனி நான் வராட்டில் வீட்டைப் பாத்துக்கொள்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவ."

அப்பாவின் சிரிப்பு நின்றது. நாளை மறுநாள் திரும்பிவிடுவதாக நானாவிடம் சொல்லிவிட்டு வந்தவர் அவர். பூட்டின வீட்டையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாம்பாளத்தை அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, போன் எங்கே பேசலாம் என்று கேட்டார்.

சந்தியில் ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. அப்பாவுக்குப் போனில் நம்பிக்கை கிடையாது, கத்தித்தான் பேசுவார். கடையில் நின்ற எல்லாரும் கேட்டார்கள். நான் ரிசீவரோடு காதை ஒட்டிக்கொண்டேன். எடுத்தது எங்கள் அம்மா.

"எங்கங்க இருக்கீங்க? இங்க அந்தம்மா வந்து உக்காந்திருக்காங்க! இப்பதான் தம்பி, அவங்க மகன், கூட்டிட்டு வந்தாரு. தேத்தண்ணி குடுத்தேன், அந்தப் புதுக் கோப்பையில. நீங்க அங்கயும் அவங்க இங்கயுமா, நான் என்னாத்தச் சொல்றது?"

"அவங்ககிட்ட குடு."

ரிசீவர் கைமாறும் சத்தம் கேட்டது. வியர்த்துக்கொட்டியது அப்பாவுக்கு. பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போனதோ.

"அம்மா, நான் ஒங்க வாசல்லதான் நிக்கிறேன். ஒங்க வழக்கப்படி மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கேன்."

"நான் உங்கட வழக்கப்படி பெண் கேட்டெல்லோ வந்து இருக்கிறன், அண்ணை" என்றது அந்தக் குரல். களைத்த குரல், ஆனால் சிரிப்பு இருந்தது. "உங்கட பிள்ளையை எனக்குத் தாறியளோ?"

அப்பா ரிசீவரை என் பக்கம் தள்ளப் பார்த்தார், நான் திருப்பித் தள்ளினேன். இது அவர் பேச வேண்டிய பேச்சு. "தர்றேம்மா" என்றார் கடைசியில். கடையில் நின்ற ஒருவர் கைதட்டினார். நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

"அண்ணை, மகன் சொல்லுறவன், நீங்கள் எல்லாப் பேப்பரும் பாத்து நாட்டு நிலவரம் சொல்லுறனியளாம்" என்றார் அவர். சிரிப்புக் குறைந்து குரல் தாழ்ந்தது. "ஒண்டு சொல்லுங்கோ. பாதையைப் பூட்டுவாங்களோ? நான் திரும்பிப் போவனோ?"

அப்பா வெளியே பார்த்தார். தெருவில் ஆட்கள் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"தெரியாதும்மா" என்றார்.

அந்தப் பக்கம் கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் வந்தது சரி" என்றார் அவர். "வைகாசியில ஒரு நாளைப் பாருங்கோ."